கழுதையின் பங்கு

உடைமை எங்கிருந்து பிறக்கிறது என்ற வினாவுக்கு, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் லாக் கூறிய விடை, அவருக்குப் பின் தோன்றிய பல தேசத்துச் சட்டங்களுக்கு அடிக்கல்லாக அமைந்துவிட்டது. பூமி மனித குலம் முழுவதற்கும் ஈசுவரனால் பொதுவாக வழங்கப்பட்டது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் ஒவ்வொருவனுடைய தேகமும் அத்தேகத்தின் உழைப்பும் அவனுக்கே உரியவை ஆதலால், பொதுவில் கிடந்த ஒரு வஸ்துவோடு எவன் தன் உழைப்பைக் கலக்கிறானோ அவனுக்கே அவ்வஸ்து சொந்தமாகிறது என்பது அவர் வாதம். இதை விளக்க வந்த இடத்தில் மூன்று திருஷ்டாந்தங்களை ஒருங்கே வைக்கிறார். ஒருவனுடைய குதிரை மேய்ந்த புல்லும், அவனுடைய வேலைக்காரன் வெட்டிய புல்தரையும், அவனே தோண்டியெடுத்த உலோகத் தாதுவும் ஒரே நியாயத்தினால் அவனைச் சேரும் என்கிறார். உழைப்பே உரிமைக்கு மூலம் என்று ஸ்தாபித்த அதே பக்கத்தில், குதிரையின் வாயும் வேலைக்காரனின் கையும் எப்படி எஜமானனின் அவயவங்களாயின என்பதை அவர் விளக்காமலே மேலே சென்றுவிடுகிறார். அவர் விளக்காமல் விட்டதை, ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பின், அவர் கண்ணால் கண்டிராத ஒரு மலைநாட்டில், ஒரு கழுதை விசாரணைக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்தின் வடகோடியில், பிட்டர்ரூட் மலைத்தொடரின் சரிவுகளுக்கிடையே, கோர் டலேன் ஆற்றின் தென்கிளை ஓடும் குறுகலான பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. வெள்ளிப் பள்ளத்தாக்கு என்று இன்று அதற்குப் பெயர். 1885ஆம் ஆண்டில், பொன்னாசையால் அப்பக்கம் வந்து வேலையின்றித் திரிந்த நோவா கெல்லாக் என்னும் முதிய தச்சருக்கு, மர்ரே என்ற சிற்றூரில் இருந்த கூப்பர் என்ற வைத்தியரும் பெக் என்ற காண்டிராக்டரும் சில வாரங்களுக்கு வேண்டிய மாவும் பன்றி இறைச்சியும் ஒரு கழுதையும் கொடுத்து அனுப்பினார்கள். உணவு கொடுத்தவனுக்கும் கண்டெடுப்பில் பங்கு உண்டு என்பது அந்த மலைகளில் எழுதாச் சட்டம். கட்டவிழ்ந்து ஓடிய கழுதையைத் தேடி மைலோ என்ற ஓடையின் கரையேறிச் சென்ற கெல்லாக், எதிர்ச்சரிவில் வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்த காரீயத் தாதுவை உற்று நோக்கியபடி அது அசையாமல் நின்றதைக் கண்டார் என்பது கர்ண பரம்பரை. கழுதைக்கு ரசனை இருந்ததோ இல்லையோ, கெல்லாக்குக்கு விவேகம் இருந்தது. உணவு கொடுத்தவர்களை மறந்துவிட்டு, ஓ'ரூர்க் முதலிய புதிய கூட்டாளிகளோடு சேர்ந்து, அச்செப்டம்பர் மாதத்தில் அந்த இடத்துக்குப் பங்கர் ஹில் என்று பெயரிட்டுப் பாத்தியதை அறிவித்தார். பழையவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1886இல் நீதிபதி நார்மன் பக் அவர்களுக்கும் பங்கு உண்டென்று தீர்ப்பளித்தார். சுரங்கத்தைக் கண்டுபிடித்தவர்களின் வரிசையில் கழுதையையும் ஒருவராக வைத்து, அக்கழுதை வாதிகளின் சொத்தாகையால் அதன் பங்கு வாதிகளைச் சேரும் என்று அவர் முடிவு கட்டியதாக இன்றும் அங்கே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். அப்பள்ளத்தாக்கில் கெல்லாக்கின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரின் மக்கள், தாங்கள் ஒரு கழுதை ஸ்தாபித்த நகரத்தில் அதன் வம்சத்தாராக வாழ்வதாக ஊர்ப்பலகையிலேயே எழுதி வைத்துக்கொண்டவர்கள். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த ஊர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த ஹாஸ்யத்துக்கு அடியில் ஒரு கடினமான தத்துவ முடிச்சு இருக்கிறது. காண்பது என்ற செயல் உரிமையைப் பிறப்பிக்குமானால், கண்ட கண் எவருடையதோ அவருக்கல்லவா உரிமை சேரவேண்டும்? கழுதையின் கண் கழுதையுடையது. அதை மறுத்து அதன் எஜமானனுக்கு உரிமையை மாற்றுவதற்கு, 'கழுதையே ஒருவருடைய உடைமை' என்ற முன்முடிவு தேவைப்படுகிறது. உடைமை எவ்வாறு தோன்றுகிறது என்று காட்ட வந்த நியாயம், உடைமை ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடக்கிறது. நம் நையாயிகர்கள் இதை ஆத்மாசிரயம் என்ற குற்றத்தில் அடக்கி, அவ்விடத்திலேயே வாதத்தை நிறுத்தியிருப்பார்கள்.

பாரத நாட்டின் பழைய அரசியல் நூலோர் இவ்விஷயத்தை வேறு கோணத்தில் பார்த்தார்கள். சுரங்கத்தையோ இரத்தினத்தையோ புதையலையோ கண்டு அரசனுக்குத் தெரிவிப்பவனுக்கு ஆறில் ஒரு பங்கும், அவன் கூலியாளாக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கும் உண்டு என்று கௌடிலீய அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. இங்கே காண்பது உடைமையைப் பிறப்பிக்கவில்லை. வெகுமதிக்கு மட்டுமே பாத்திரமாகிறது. அதோடு, கூலியாள் கண்டதை எஜமானன் கண்டதாகக் கொள்ளாமல், பாதியாகக் குறைத்தேனும் அவனுக்கே கொடுக்கிறது அந்நூல். இவ்வளவில் கௌடில்யர் லாக்கைவிடத் தயை உள்ளவர் என்றே சொல்லவேண்டும். தயை என்ற சொல்லை அவருக்கு அதிகமாக வழங்கிவிடவும் கூடாது. பொக்கிஷத்துக்கு ஊற்று சுரங்கமே என்று கருதியவர் அவர். மிச்சமான ஐந்து பங்கும் படையும் கோட்டையுமாக மாறவேண்டும் என்பதே அவருடைய குறிக்கோள். இன்றைய நிலையில், நம் உச்ச நீதிமன்றம் 2013இல் பழைய மலபார் ஜன்ம நிலங்களைப் பற்றிய வழக்கொன்றில், வேறு சட்டம் பறித்தாலன்றி அடிமண்ணின் கனிமம் நிலத்தை உடையவனையே சேரும் என்று கூறியிருக்கிறது. அரசன், நிலத்துக்காரன், கண்டவன் என மூன்று காலங்கள் மூவரைச் சுட்டுகின்றன. மலையைச் சுட்டுவார் எவருமில்லை.

கெல்லாக் நாட்டிய முளைக்குச் சக்தியளித்தது 1872ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி நிறைவேறிய சுரங்கச் சட்டம். இன்றும் அது அமலில் இருக்கிறது. பொது நிலத்தில் பாறைப் பிளவை நிரப்பிக்கொண்டு ஓடும் கனிம நாளத்தை ஒருவன் கண்டுபிடித்தால், அந்நாளத்தின் போக்கில் 1,500 அடி நீளமும், அதன் நடுவிலிருந்து இரு மருங்கிலும் 300 அடி அகலமும் தனக்கென்று குறித்துக்கொள்ளலாம். மூலைகளில் முளையடித்து, அறிவிப்பை எழுதி வைத்து, பதிவு செய்துகொள்ளவேண்டும். ஆண்டுதோறும் 100 டாலர் பெறுமான வேலையை அதில் செய்யவேண்டும் என்பது அதன் மூல விதி. நிரந்தரப் பட்டா வேண்டுமானால் ஏக்கருக்கு 5 டாலர் செலுத்தவேண்டியிருந்தது. எடுக்கும் தாதுவுக்கு அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய பங்கு எதுவும் இல்லை. பட்டா வழங்குவதை 1994 முதல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இச்சட்டத்தில் மிகவும் விசித்திரமான விதி, நாளத்தின் உச்சியைப் பற்றியது. கனிம நாளம் செங்குத்தாக இறங்குவது அரிது. சாய்ந்து சாய்ந்து ஆழத்தில் அண்டை நிலத்துக்காரனின் எல்லைக்கு அடியில் போய்விடும். நாளத்தின் உச்சி எவனுடைய எல்லைக்குள் இருக்கிறதோ அவன், அது எங்கே சாய்ந்து சென்றாலும், மேலே எவன் வீடு கட்டிக்கொண்டிருந்தாலும், அதைத் தொடர்ந்து தோண்டிச் செல்லலாம் என்று விதி கூறுகிறது. இந்த உச்சியுரிமையைப் பற்றி நடந்த வழக்குகளில் வக்கீல்களும் பூகர்ப்ப சாஸ்திரிகளும் வாங்கிய தொகை, சில சுரங்கங்கள் ஈட்டிய லாபத்தைவிட அதிகமாயிருந்தால் வியப்படையமாட்டேன். விதியின் உட்பொருளைக் கவனிக்கவேண்டும். பொருள் எல்லை தாண்டினால் உரிமையும் எல்லை தாண்டும் என்று அது ஒப்புக்கொள்கிறது. மனிதன் தரையில் கிழித்த கோடுகளை இயற்கை மதிப்பதில்லை என்ற உண்மையைச் சட்டம் அறிந்தே இருக்கிறது. ஆனால் லாபத்தின் திசையில் மாத்திரம் அறிந்திருக்கிறது. எல்லை தாண்டிய வெள்ளியைப் பின்தொடர உரிமையளித்த சட்டம், அதே நாளத்திலிருந்து புறப்பட்டு ஆற்றின் வழியாகவும் காற்றின் வழியாகவும் எல்லை தாண்டிய காரீயத்தைப் பின்தொடரும் கடமையை எவர்மீதும் சுமத்தவில்லை. 'எனது' என்ற வார்த்தைக்கு ஒரு பாதி மட்டும் அர்த்தம் கொடுத்து மறுபாதியை விட்டுவிட்ட இந்த ஏற்பாட்டை உடைமை என்று அழைக்கலாமா என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் ஐயம்.

கண்டவனுக்கே உரிமை என்பதில் இன்னொரு இடர்ப்பாடும் இருக்கிறது. கெல்லாக்கின் கழுதைக்கு முன்பே அந்த மலைகளைக் கண்டவர்கள் இருந்தார்கள். கோர் டலேன் ஆதிகுடியினர் எண்ணற்ற தலைமுறைகளாக அந்த ஆற்றோரத்தில் மீன் பிடித்தும், சதுப்பில் விளையும் நீர்க்கிழங்கைத் தோண்டியும் வாழ்ந்தவர்கள். 1850-53இல் அவர்களும் ஏசு சபைத் துறவியர்களும் சேர்ந்து, அந்தோனியோ ரவாலி என்ற பாதிரியாரின் திட்டப்படி, ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில், ஆணியே இல்லாமல் மரமும் வைக்கோலும் ஆற்றுச் சேறும் கொண்டு எழுப்பிய தேவாலயம், ஐடஹோவின் மிகப் பழைய கட்டிடமாக இன்றும் நிற்கிறது. அந்தச் சபையின் முன்னோடியான டி ஸ்மெட் பாதிரியார், ராக்கி மலைகளில் பொன் இருப்பதை அறிந்திருந்தும் வெளியாருக்குச் சொல்லவில்லை என்பது அவர் வாழ்க்கையைப் பற்றிப் பேசப்படும் செய்தி. சொன்னால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் ஆதிகுடிகள் அழிவார்கள் என்று அவர் அஞ்சினார். கண்டும் கோராமல் இருத்தல் என்ற இந்தச் செயலுக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. கௌடில்யரின் நூலிலோ மறைத்தவனுக்குத் தண்டனையே உண்டு. லாக்கின் கணக்கில் அங்கே உழைப்பே நிகழவில்லை. பாதிரியாரின் மௌனம் முற்றும் நிஷ்காமியம் என்று நான் சொல்லவரவில்லை. தம் மந்தையைத் தம் வேலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் விருப்பமும் அதில் கலந்திருக்கும். எனினும் ஒரு பொருளை அறிந்தும் அதன்மேல் 'எனது' என்ற முத்திரையைக் குத்தாமல் விடுவது மனிதனுக்கு சாத்தியமே என்பதற்கு அது சாட்சி. 1873இல் ஜனாதிபதியின் ஆணையால் எல்லை வகுத்துக் கொடுக்கப்பட்ட அந்தக் குடியினருக்கு, 1891க்குள் அதிலும் வடபகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கோர் டலேன் ஏரியின் தென்பகுதி, ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, அவர்களுக்கே உரியது என்று 2001இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கழுதை உற்று நோக்கிய அந்தத் தாதுவைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். கலீனா என்று பெயர். காரீயமும் கந்தகமும் சேர்ந்தது. கையில் எடுத்தவுடன் அதன் கனம் நம்மைத் திடுக்கிட வைக்கும். உடைத்தால் எவ்வளவு சிறிய துணுக்கும் சதுரக் கட்டியாகவே உடையும். புதிதாக உடைந்த முகம் கண்ணாடிபோல் பளபளத்துச் சில நாளில் மங்கிவிடும். வெள்ளி அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் கரந்திருக்கிறது. அதைப் பிரிக்கும் பழைய முறை பரீட்சை அறைகளில் இன்றும் கைக்கொள்ளப்படுகிறது. எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வெள்ளி கலந்த காரீயத்தை வைத்துக் காற்றோட்டமுள்ள உலையில் காய்ச்சினால், காரீயம் உருகி, காற்றோடு கூடி, நம் நாட்டு மருந்துக் கடைகளில் மிருதாரசிங்கி என்று விற்கும் மஞ்சள் வஸ்துவாக மாறி, கிண்ணத்துக்குள்ளேயே சுவறிப்போகும். மேலே மிதக்கும் ஏடு மெலிந்து மெலிந்து, வானவில் நிறங்கள் அதன்மேல் ஓடிக் கடைசி ஏடும் விலகும் கணத்தில், அடியிலுள்ள மணி திடீரென்று ஒரு முறை மின்னிவிட்டு வெள்ளியாக உறைந்து நிற்கும். பெரிய ஆலைகளில் கையாளும் முறை இன்னும் விநோதமானது. அலெக்ஸாண்டர் பார்க்ஸ் என்பவர் 1850இல் கண்டுபிடித்தபடி, உருகிய காரீயத்தில் துத்தநாகத்தைப் போட்டால், வெள்ளி காரீயத்தை விட்டுவிட்டுத் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு மேலே பொருக்காக மிதந்து வரும். அப்பொருக்கை வழித்தெடுத்துத் துத்தநாகத்தை ஆவியாக்கிப் பிரிக்கிறார்கள். மலையில் மூன்றும் ஒன்றாய்ப் பிறந்தவை. ஒன்றைப் பிரிக்க மற்றொன்றின் உதவியே வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் லாக்கிடம் மீண்டும் செல்லவேண்டியிருக்கிறது. உழைப்பால் உடைமை பிறக்கும் என்ற அவர், அதற்கு இரண்டு வரம்புகளையும் கட்டினார். பிறருக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் எஞ்சியிருக்கவேண்டும். அழுகிப்போகாமல் தான் அனுபவிக்கக்கூடிய அளவுக்கு மேல் எவனும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது வரம்பை மீறாமலே மீறுவதற்கு மனிதன் கண்ட வழியையும் அவரே சொல்கிறார்: கெடாத உலோகத்தைப் பணமாக ஒப்புக்கொண்டால், பழத்தைப்போல் அழுகாத அதை எவ்வளவு குவித்தாலும் ஒருவருக்கும் அநியாயமில்லை. ஆகவே, வெள்ளிச் சுரங்கம் என்பது லாக்கின் தத்துவம் தன் அணையைத் தானே உடைத்துக்கொள்ளும் இடம். முதல் வரம்போ சுரங்கத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆற்றில் ஒருவன் குடித்தபின்பும் ஆறு ஓடும். கனிம நாளத்தை ஒருவன் தோண்டியபின் எஞ்சுவது பொந்துதான். மகாத்மா காந்தி கூறிய தர்மகர்த்தா முறைகூட இங்கே தடுமாறுகிறது. தோப்பையோ ஆலையையோ தர்மகர்த்தாவாகக் காத்து அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கலாம். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவதையே இலக்கணமாகக் கொண்ட ஒரு சொத்தை எதைக் காத்து எதை ஒப்படைப்பது?

உழைப்பைக் கலந்தவனுக்கே உரிமை என்ற சூத்திரம், உண்மையில் உழைப்பைக் கலந்தவர்கள் அதைக் கேட்டபோது எப்படி வரவேற்கப்பட்டது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொழிலாளர் சங்கத்தை அங்கீகரிக்காமல், அண்டைச் சுரங்கங்களைவிடக் குறைந்த கூலி கொடுத்துவந்த பங்கர் ஹில் கம்பெனியின் தாது சுத்திகரிப்பு ஆலையை, 1899 ஏப்ரல் 29ஆம் தேதி, ரயிலொன்றைக் கைப்பற்றிக்கொண்டு வந்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பட்டாளம் வந்தது, விசாரணையின்றி நூற்றுக்கணக்கானோர் பட்டிகளில் அடைக்கப்பட்டார்கள். ராணுவத்தை அழைத்த கவர்னர் ஸ்டூனன்பர்க், பதவி நீங்கிய பின் 1905இல் தம் வீட்டு வாயிலில் வைக்கப்பட்ட வெடிகுண்டுக்குப் பலியானார்.

வெள்ளியும் காரீயமும் வேண்டியிருந்த காலத்தில் துத்தநாகம் வேண்டாத விருந்தாளியாக இருந்தது. அது கலந்த தாதுவுக்கு உருக்காலைகள் விலையைக் குறைத்தன. ஆகவே அதைக் கழிவோடு ஆற்றில் தள்ளினார்கள். நுரையில் மிதக்கவைத்துத் தாதுக்களைப் பிரிக்கும் முறை வந்து, 1928இல் மின்சாரத் துத்தநாக ஆலையும் எழுந்தபின், நேற்றுவரை குப்பையாக இருந்தது இன்று செல்வமாயிற்று. குப்பை என்பதும் செல்வம் என்பதும் வஸ்துவின் குணமல்ல, நம் புத்தியின் நிர்ணயம் என்று வேதாந்திகள் சொல்லும்போது தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பள்ளத்தாக்கில் அது கம்பெனிக் கணக்குப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் இந்த ஞானம் ஆற்றுக்குப் பயன்படவில்லை. 1968க்கு முன் அவ்வாற்றிலும் அதன் கிளைகளிலும் கொட்டப்பட்ட கழிவு ஏறக்குறைய 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் காரீயம் மாத்திரம் 8 லட்சத்து 80 ஆயிரம் டன் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். கீழ்ப் பள்ளத்தாக்கின் சதுப்புகளில் வந்திறங்கும் தூந்திர அன்னங்கள், கிழங்கையும் வேரையும் தேடிச் சேற்றைக் கிளறும்போது காரீயத்தையும் சேர்த்து விழுங்கி, அது இரைப்பையை முடக்குவதால், உண்டும் ஜீரணிக்காமல் பட்டினியாலேயே மடிகின்றன. அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது நம் கவிகளின் கற்பனை. இந்த அன்னங்களுக்குச் சேற்றிலிருந்து ஈயத்தைப் பிரிக்கத் தெரியவில்லை.

இந்தக் கேடு அன்னத்தோடு நிற்கவில்லை. 1973 செப்டம்பரில் கம்பெனியின் காரீய உருக்காலையின் புகையிலிருந்து தூசியைப் பிடித்துவைக்கும் துணிப்பைகள் இருந்த கூடம் தீப்பற்றியது. உலோக விலை உச்சத்தில் இருந்த காலம் அது. பழுதுபட்ட வடிகட்டியோடே பல மாதங்கள் ஆலை ஓடியது. 1974இல் பரிசோதித்தபோது, ஆலைக்கு ஒரு மைல் தூரத்துக்குள் வசித்த 1 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய அனைவரின் ரத்தத்திலும் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. கவலைப்படவேண்டிய எல்லையாக அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் இப்போது வைத்திருக்கும் அளவு 3.5. கம்பெனி பின்னர் 700 அடிக்கு மேல் உயர்ந்த புகைபோக்கியைக் கட்டிப் புகையை இன்னும் தூரத்துக்கு அனுப்பிவைத்தது. 1981இல் ஆலையை மூடியது. 1996இல் புகைபோக்கிகளும் வெடிவைத்துச் சாய்க்கப்பட்டன.

இந்தக் குழந்தைகளைப் பற்றி நம் சமயங்கள் என்ன சொல்லும்? சைவ சித்தாந்தி, உயிரோடு அநாதியே ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பில் உள்ள களிம்பை உவமையாகக் காட்டுவான். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்போடு உடன்பிறந்தது என்பது அதன் தாத்பரியம். 'எனது' என்ற அபிமானம் அம்மலத்தின் முதற்பிள்ளை. அது இருக்கும்வரை வினை உண்டு, வினை இருக்கும்வரை அதை நுகர்தலும் உண்டு. கெல்லாக்கும் அவருக்குப் பின் வந்த கம்பெனிகளும் ஆணவத்தால் வினை செய்தார்கள் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வினையைச் செய்தவன் ஒருவன், நுகர்ந்தது நான்கு வயதுக் குழந்தை. அக்குழந்தையின் பூர்வ ஜன்ம வினை அதை அந்த ஊரில் கொண்டுவந்து பிறப்பித்தது என்று கூறி நூலை மூடிவிடுவது எளிது. அவ்வாறு கூறுவோர் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். அப்படிக் கூறுவது சாஸ்திரத்தை ஆலை முதலாளியின் வக்கீலாக்குவதாகும் என்பது என் துணிபு. கன்மத்தைச் சொன்ன ஆசாரியர்கள், துன்பம் செய்தவனுடைய பொறுப்பைக் குறைப்பதற்காக அதைச் சொல்லவில்லை. நுகர்கிறவனுக்கு வினை இருந்தாலும், ஊட்டுகிறவனுக்குப் புதிய வினை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கன்மம் தன் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொள்வதற்கு ஏற்பட்ட தத்துவம். பிறனுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிப்பதற்கு ஏற்பட்டதன்று. பூமி ஈசுவரன் அளித்தது என்று தொடங்கிய லாக்கின் கிறிஸ்தவமும் இங்கே நமக்கு அதிகம் உதவவில்லை. அளித்தவன் தாதுவோடு ஈயத்தூளையும் பொதுவாகவே அளித்தான் என்றால், தாதுவை மட்டும் தனதாக்கிக்கொண்டு தூளைப் பொதுவிலேயே விட்டுவைத்தவர்களின் சாமர்த்தியத்துக்கு அது இடம் கொடுத்துவிடுகிறது.

சித்தாந்தத்தில் எனக்கு இவ்விஷயத்தில் ஒளி தருவது கன்மத்தைவிட மலத்தைப் பற்றிய ஒரு நுட்பந்தான். மலம் முத்தியிலும் அழிவதில்லை. அதன் சக்தி மடங்கிக் கிடக்கிறது என்பது அவர்கள் கொள்கை. இளமையில் இதைப் படிப்பவர்களுக்கு இது அரைகுறை விடுதலையாகத் தோன்றும். ஆனால் 1983இல் அமெரிக்க அரசாங்கம் அப்பள்ளத்தாக்கில் 21 சதுர மைலைத் தேசத்தின் மிக மோசமான நச்சுத் தலங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டுச் சுத்தம் செய்யப் புகுந்தபோது, என்ன செய்ய முடிந்தது என்று பாருங்கள். காரீயம் ஒரு தனிமம். எரித்தாலும் கரைத்தாலும் அது காரீயமாகவே இருக்கும். ஆகவே வீட்டு முற்றங்களில் மேல்மண்ணை ஓரடி ஆழத்துக்கு வெட்டியெடுத்து நல்ல மண்ணை நிரப்பினார்கள். எடுத்த மண்ணை ஓரிடத்தில் குவித்து மூடினார்கள். மூடியதற்குக் கீழே தோண்டுவதானால் சுகாதார அலுவலகத்தின் அனுமதி பெறவேண்டும் என்று விதி செய்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் வெகுவாகக் குறைந்துவிட்டது, மண்ணில் குறையவில்லை. அழித்தல் என்பது இல்லை, அடக்கி வைத்தல்தான் உண்டு, அதுவும் விழிப்புள்ளவரையில்தான் உண்டு என்ற சித்தாந்தியின் கடுமையான யதார்த்தத்தை அந்த ஊர்க்காரர்கள் வேலி போடக் குழி தோண்டும்போதெல்லாம் அனுஷ்டிக்கிறார்கள்.

சுரங்கத்தின் உள்ளே இன்னொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. கல்லில் உள்ள கந்தகம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, துத்தநாகத்தையும் மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு இரவும் பகலும் சுரங்க வாயிலிருந்து வடிகிறது. 1974இல் கட்டிய நிலையம் ஒன்றில் அதற்குச் சுண்ணாம்பிட்டு, உலோகத்தைப் படியவைத்து, தெளிந்த நீரை ஆற்றில் விடுகிறார்கள். இவ்வேலைக்கு முடிவு தேதி இல்லை. கம்பெனி கைமாறியது, பின்வந்தவர்கள் திவாலானார்கள், செலவின் பெரும்பகுதி பொது ஜனங்களின் தலையில் விழுந்தது. அண்டையிலுள்ள ஹெக்லா கம்பெனி மட்டும் 2011இல் 26 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தன் பங்குக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள உடன்பட்டது.

முடிவில்லாத ஒரு கடமையை எப்படி ஏற்படுத்துவது என்பதில் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளுக்கு அனுபவம் உண்டு. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமானால், 96 ஆடுகளை ஓர் இடையனிடம் ஒப்படைத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கும்படி, சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று கல்லில் வெட்டி வைப்பார்கள். ஆடுகள் சாகும், குட்டி போடும், மந்தை மட்டும் நிற்கும். ஆகவே அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். இடையனின் பேரனும் நெய் அளக்கவேண்டும். ஆனால் பேரனுக்கும் மந்தை உண்டு. கடமையையும் அதைத் தாங்கும் செல்வத்தையும் பிரிக்காமல் சேர்த்தே ஒப்படைத்தார்கள் என்பதே அந்த ஏற்பாட்டின் நியாயம். வெள்ளிப் பள்ளத்தாக்கிலிருந்து இதுவரை 100 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளி வெளியே சென்றிருக்கிறது. அது எங்கெங்கோ காசாகவும் கரண்டியாகவும் புகைப்படச் சுருளாகவும் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் முளையடித்தவனிடம் அதில் ஒரு பங்கையேனும் மந்தைபோல் நிறுத்தி வைக்கும்படி எவரும் கேட்கவில்லை. சுரங்க நீருக்குச் சுண்ணாம்பு இடும் கடமையோ, அந்த வெள்ளியில் ஒரு குன்றிமணியும் காணாதவர்களிடம், மந்தை இல்லாமல், சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்ற கெடுவோடு வந்து சேர்ந்திருக்கிறது.